வலது பக்கம் இரண்டு தகடு

வேலூர், கஸ்பா
14 அக்டோபர் 2025

ஷர்மிளா,

பெல்ட்டைத் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தோடு, அமிர்தவள்ளி அக்காவின் சாப்பாட்டுப் பையில். உங்கள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அவர் தினமும் வஹீதா காலா வீட்டைத் தாண்டித்தான் போகிறார். சிகிச்சை முடியும்வரை நான் இந்த வீட்டில்தான் இருப்பேன். காலா என்னைப் பெற்ற அம்மியின் தங்கை. பேச்சு கம்மி. அது ஒரு நிம்மதி.

ஃபோன் செய்யாதே. எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் தங்காது. கொஞ்ச நாள் தங்கட்டும்.

ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புக்கு மேலே கடைசி முள்ளெலும்பு. இடது பக்கம் விரிசல் முழுதாக ஓடிவிட்டது. வலது பக்கம் ஆரம்பித்திருக்கிறது. இரண்டு பக்கமும் பிடி விட்டால் எலும்பு முன்னால் நழுவுமாம். கொஞ்சம் நழுவியும் இருக்கிறது. படத்தில் காட்டினார்கள். பல் வரிசையில் ஒன்று மட்டும் முன்னால் வந்து நிற்பதுபோல. அது என் முதுகு என்றார்கள். நான் நம்பவில்லை. அறையில் இருந்த மற்ற எல்லாரும் நம்பினார்கள்.

பிசியோதெரபி பார்க்கும் மேடம் பெயர் பாக்யலட்சுமி.

"எத்தினி மாசமா வலி?"

"இப்போதான் மேடம். ஒரு மாசம்."

அம்மி என்னைப் பார்த்தார். மேடம் படத்தைப் பார்த்தார்.

"இது ஒரு மாசத்து விரிசல் இல்லம்மா. இதை வெச்சிக்கினு எப்படி ஃபாஸ்ட் பௌலிங் போட்டே?"

அப்போதுதான் பெல்ட்டைக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். அவர் அதை மேசையில் வைத்து விரலால் தட்டினார். தையலைத் தடவினார்.

"யாரு செஞ்சது?"

"என் ஃப்ரெண்ட். ஆம்பூர்ல ஷூ கம்பெனில தைக்கிறா."

"கடையில இப்படிக் கெடைக்காது. நல்லா தெச்சிருக்கா." பிறகு அதே குரலில் சொன்னார்: "இது இல்லன்னா நீ மொத மாசமே இங்க வந்திருப்பே. எலும்பு கத்திக் கத்தி சொல்லியிருக்கு. இது அதோட வாயைப் பொத்திடுச்சு."

இன்னொன்றையும் அவர்தான் கவனித்தார். ஷூவின் நடுப்பாகம் வளையாமல் இருக்க உள்ளே வைப்பீர்களே, அந்த இரும்புத் தகடு. பெல்ட்டின் வலது பக்கம் இரண்டு. இடது பக்கம் ஒன்று. "உனக்கு வலி இடதுதானே?" என்றார். எத்தனை முறை சொன்னேன் உன்னிடம். இடது, இடது. நான் பேசும்போது நீ எங்கே இருந்தாய்?

மூன்று மாதம் ஓடக் கூடாது. எதையும் தூக்கக் கூடாது. பின்னால் சாயவே கூடாது. மாநில அணித் தேர்வு ஜனவரி பதினொன்று. எனக்கு வயது வரம்பில் இதுதான் கடைசி. உனக்குத் தெரியும்.

இஃப்ரா

உருதுவில் எழுதினால் அம்மி படித்துவிடுவார். தமிழில் எழுதினால் நீ படித்துவிடுகிறாய். எனக்கு வேறு மொழி தெரியாது.


ஆம்பூர்
17 அக்டோபர் 2025

இஃபு,

கையெழுத்து கோணலாக இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். கம்பெனியில் ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள். புது லைன். இனிமேல் எல்லாரும் நின்றுகொண்டேதான் தைக்க வேண்டும். வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான், நின்றால் உற்பத்தி ஜாஸ்தி என்று நவீத் சூப்பர்வைசர் சொன்னார். அமிர்தவள்ளி அக்கா கேட்டார்: "அந்த ஊர்ல கக்கூஸ்லயும் நின்னுக்கினுதான் இருப்பாங்களா சார்?" லைன் முழுக்கச் சிரிப்பு. நவீத்தும் சிரித்தார். ஸ்டூல் மட்டும் வரவில்லை.

இப்போது உன் விஷயம்.

நானாகக் கொடுத்தேனா, நீ கேட்டாயா? ஆகஸ்டில், திருப்பத்தூர் மேட்சுக்கு முந்தின நாள் சாயங்காலம், எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதது யார்? "இன்னா பண்ணியாவது நாளைக்குப் போடணும் ஷர்மி." உள்ளே போய் எடுத்துவந்து உன் இடுப்பில் கட்டினேன். மூச்சை இழுத்துப் பிடி என்றேன். நீ தெருவில் குதித்துப் பார்த்தாய். "வலியே இல்லடீ" என்றாய். மறுநாள் நாலு விக்கெட். அன்றைக்கு உனக்கு என் மேல் கோபம் வரவில்லை.

தகடு வைத்ததில் கணக்கு ஒன்றும் இல்லை. கையில் கிடைத்தது மூன்று. எங்காவது வைக்க வேண்டும் அல்லவா.

பெல்ட் வந்து சேர்ந்தது. உன் வியர்வை உப்புப் பூத்து வெளுத்திருந்தது. துடைத்து எண்ணெய் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ திட்டு. பரவாயில்லை. ஆனால் அந்த மேடம் என்ன பயிற்சி சொல்கிறார் என்று எழுது. எப்படிப் படுக்க வேண்டும், எப்போது மூச்சு விட வேண்டும், எல்லாம் விவரமாக. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

ஷர்மி


வேலூர்
2 நவம்பர் 2025

ஷர்மிளா,

கேட்டாய். எழுதுகிறேன்.

மல்லாந்து படுக்கிறேன். முழங்காலை மடக்கி. தொப்புளை முதுகை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. அவ்வளவுதான். இதுதான் பயிற்சி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெண் படுத்திருக்கிறாள். காலா வந்து பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்கிறார். முடித்தே விட்டேன் காலா.

அடுத்தது பாலம். அதே நிலையில் இடுப்பைத் தூக்க வேண்டும். முதுகு வில்லாக வளையக் கூடாது, பலகையாக இருக்க வேண்டும். பிறகு மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, ஒரு கையும் எதிர்ப்பக்கக் காலும் நீட்டுவது. முதுகின் மேல் தண்ணீர்த் தம்ளர் இருப்பதாக நினைத்துக்கொள் என்கிறார் மேடம். என் தம்ளர் தினமும் கொட்டுகிறது. தூங்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை. நிற்கும்போது ஒரு காலைச் சின்னப் பலகையில் வைத்து மாற்றி மாற்றி.

தொழுகை நாற்காலியில். வயதானவர்களோடு ஒரே வரிசையில். பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்துக் கண் கலங்குகிறார். யாருக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது.

சிகிச்சை அறையில் குடியாத்தத்துக்காரர் ஒருவர் வருகிறார். லுங்கி மூட்டை தூக்கி முதுகு போனவர்.

"நீ இன்னா தூக்கினே பாப்பா?"

"பந்து."

"பந்தா? இன்னா வெயிட்டு இருக்கும் அது?"

சொன்னேன். அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

எந்தத் தரையில் ஓடினாய் என்று மேடம் கேட்டார். அப்பா வேலை செய்யும் டேனரி, தோல் காயப்போடும் தளம் என்றேன். வெள்ளிக்கிழமை லீவு, தளம் காலியாக இருக்கும், வேறு எந்த மைதானத்திலும் பெண் பிள்ளைகளை விட மாட்டார்கள் என்றேன். "சிமெண்ட்டா?" என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டார். ஓடி வந்து முன்காலை ஓங்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தளம் அடியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறதாம். அடி போய் நிற்கும் இடம் இந்த எலும்பு. அதுவும் பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கம்தான் முதலில் விரியும். வலது கை என்றால் இடது. இடது கை என்றால் வலது.

உன்னை நினைத்துக்கொண்டேன். ஒரு முனையில் நீ இடது கை, மறு முனையில் நான் வலது கை. பிளஸ் டூ முடிந்ததும் ஆசை போய்விட்டது என்று நீ விட்டுவிட்டாய். அப்போது உன்னை எவ்வளவு திட்டினேன். நல்லவேளை, விட்டாய்.

கண்ணை மூடினால் ஓட்டம் ஆரம்பிக்கிறது. வேகம் கூடுகிறது. முன்கால் தரையில் விழும் நேரத்தில் கண் திறந்துவிடுகிறது. ஒரு பந்தையும் இன்னும் விட முடியவில்லை.

எலும்பு சத்தமில்லாமல் ஒட்டுமாம். ஒட்டாவிட்டாலும் சத்தம் இருக்காதாம். எதைக் கேட்டுக்கொண்டு நான் படுத்திருப்பது?

இஃப்ரா


ஆம்பூர்
9 நவம்பர் 2025

இஃபு,

இரண்டு நாளாக மழை. பஸ் தண்ணீரில் நின்றுவிட்டது, இறங்கித் தள்ளச் சொன்னார்கள். நான் இறங்கவில்லை. "மகாராணி" என்று பட்டம் கிடைத்திருக்கிறது.

சில சந்தேகம். பாலம் போடும்போது இடுப்பை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்? இறக்கும்போது கிளிக் என்று ஒன்று கேட்டால் நிறுத்த வேண்டுமா, தொடரலாமா? தொடையின் பின்பக்கத்தை இழுக்கும்போது கரண்ட் மாதிரி ஒன்று கால்வரை ஓடுமா? உனக்கு ஓடுகிறதா என்று கேட்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே தலையணை நல்ல யோசனை. நிற்கும்போது பலகையில் கால் வைப்பதும். தைத்து முடித்த ஷூ மேற்பாகங்களைத் தலைக்கு மேல் கம்பியில் மாட்டுகிறோம். அண்ணாந்து, சாய்ந்து. அதற்கு மேடம் ஏதாவது வழி சொல்வாரா? லைனில் நிறையப் பேருக்கு வலி. அவர்களுக்காகத்தான்.

தளத்தைப் பற்றி எழுதியிருந்தாய். வெயில் நேரத்தில் அந்தச் சிமெண்ட்டில் ஷூவின் அடிப்பாகம் ஒட்டி ஒட்டி எழும், ஞாபகம் இருக்கிறதா? சுண்ணாம்பு வாடை. நீ பந்து போட்டுவிட்டுத் திரும்பும்போது எப்போதும் என் முகத்தைப் பார்ப்பாய், எப்படி இருந்தது என்று. நான் ஒரு நாளும் நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை. நன்றாக இருந்தது.

ஷர்மி


வேலூர்
28 நவம்பர் 2025

ஷர்மி,

வலி போய்விட்டது.

கிளிக் கேட்டால் நிறுத்து. கால்வரை கரண்ட் ஓடினால் உடனே வந்து காட்டச் சொல்கிறார் மேடம். உங்கள் லைன்காரர்களிடம் சொல். கம்பியைத் தாழ்வாகக் கட்டச் சொல்.

வலி போய்விட்டது என்பதைத்தான் எழுத வந்தேன்.

"வலி இல்ல மேடம்."

"சந்தோஷம்."

"அப்போ ஓடலாமா?"

"வலி போறது வேற, எலும்பு ஒட்டுறது வேற. ரெண்டும் ஒரே பஸ்ல வராது. ஜனவரி கடைசில ஸ்கேன் எடுப்போம். அப்புறம் பேசு."

ஜனவரி கடைசியில் நான் எதற்குப் பேச வேண்டும்? பதினொன்றாம் தேதி எல்லாம் முடிந்திருக்கும்.

நேற்றுக் காலையில் கோட்டைவரை நடந்தேன். அகழி ஓரமாகப் புல்தரை. ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நானும் நடந்தேன். பிறகு நடப்பது எப்போது ஓட்டமானது என்று தெரியவில்லை. ஷர்மி, ஒன்றுமே வலிக்கவில்லை. காற்று காதில் அடித்தது. ஒரு தாத்தா, "ஏம்மா, யாராவது தொரத்துறாங்களா?" என்றார். இல்லை என்றேன். பொய் சொன்னதுபோல இருந்தது.

யாருக்கும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்.

பெல்ட்டை அனுப்பு. ஒரே நாள். ஆறு ஓவர் போட்டுக் காட்டினால் போதும். தேர்வு முடிந்ததும் கழற்றிவிட்டு ஒரு வருடம் வேண்டுமானாலும் படுத்துக் கிடக்கிறேன். இங்கே கடையில் வாங்கியதைக் கட்டிப் பார்த்தேன். துணி. நீ தைத்ததுபோல எதுவும் பிடிப்பதில்லை. முதல் கடிதத்தில் எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அனுப்பு.

இஃப்ரா


ஆம்பூர்
3 டிசம்பர் 2025

இஃபு,

பெல்ட் இல்லை. வெட்டிவிட்டேன். பக்கிளை லைனில் ஒருத்தி கேட்டாள், கொடுத்துவிட்டேன். தோலைச் செருப்பு வாராக்கிவிட்டேன்.

ஓடாதே.

மேடத்திடம் நீயே சொல்கிறாயா, நான் அமிர்தவள்ளி அக்காவை அனுப்பிச் சொல்லட்டுமா?

வலி போய்விட்டது என்று சந்தோஷப்படாதே. வலி போகும். ஒரு மாதம்கூடப் போயிருக்கும். பிறகு ஒரு நாள் பல் தேய்த்துவிட்டு நிமிர்வாய், நிமிர முடியாது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாய். வெளியே யாராவது கதவைத் தட்டுவார்கள். "தோ வர்றேன்" என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஷர்மி


வேலூர்
10 டிசம்பர் 2025

ஷர்மிளா,

நேற்று அமிர்தவள்ளி அக்காவை வாசலில் நிறுத்தினேன். ஷர்மி அந்தப் பெல்ட்டை எப்போது வெட்டினாள் என்று கேட்டேன்.

"வெட்டிச்சா? யார் சொன்னது? கம்பெனி கோட்டுக்குள்ள கட்டிக்கினுதானே கீது அந்தப் பொண்ணு. பாத்ரூம்ல பாத்தேன். 'இன்னாடி, கல்யாணத்துக்கு இடுப்பைச் சிறுசாக்குறியா'ன்னு கேட்டேன். சிரிச்சிது."

இரண்டு மாதமாகக் கடிதம் எழுதுகிறோம். நான் படுத்துக்கொண்டு. நீ நின்றுகொண்டு.

எனக்குப் புரிகிறது. உனக்கும் என் வயதுதான். உனக்கும் இதுதான் கடைசி வருடம். இடது கை வேகப்பந்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள் என்று கோச் எப்போதும் சொல்வார், நான்தான் கேட்டும் கேட்காததுபோல இருப்பேன். பயிற்சி எல்லாம் விவரமாகக் கேட்டாய். வேளாவேளைக்கு எழுதினேன். உடம்பைத் தயார் செய்திருக்கிறாய். பெல்ட்டையும் வைத்துக்கொண்டாய். என்னை மட்டும் ஓடாதே என்கிறாய்.

போ. போட்டுவிட்டு வா. எனக்கு ஒன்றும் இல்லை. என்னிடம் சொல்லிவிட்டே போயிருக்கலாம்.

இனி எழுதாதே.

இஃப்ரா


ஆம்பூர்
13 டிசம்பர் 2025

இஃபு,

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, பதில்.

தேர்வுக்கா? நானா? சிரிப்பு வந்தது. மெதுவாகத்தான் சிரித்தேன்.

பெல்ட் என்னிடம்தான் இருக்கிறது. அது என்னுடையது. உனக்குத் தர மாட்டேன். தேர்வுக்குப் போகத்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள். அது உனக்கு வசதியாக இருந்தால் இருக்கட்டும். நீ ஓடாமல் இருந்தால் எனக்குப் போதும்.

ஜனவரி கடைசியில் என்னை நிரந்தரம் செய்வார்கள். அதுவரை இந்த லைனில் முகம் சுளிக்காமல் நிற்க வேண்டும். முதுகு, இடுப்பு என்று யாராவது வாயைத் திறந்தால் பேக்கிங்குக்கு மாற்றுகிறார்கள், பிறகு வர வேண்டாம் என்கிறார்கள். நான் எழுதும் தேர்வு இது ஒன்றுதான்.

கிறிஸ்துமஸ் வருகிறது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், மேல் சுவர் நீ அடி என்று அம்மா சொல்கிறார். எல்லாருக்கும் அண்ணாந்து பார்க்க நான்தான் கிடைத்தேன்.

ஷர்மி


வேலூர்
7 ஜனவரி 2026

ஷர்மி,

இது நாலாவது தாள். மற்ற மூன்றையும் கிழித்துவிட்டேன்.

தேர்வுக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கிறேன். காட்பாடியிலிருந்து சென்னைக்கு, சனிக்கிழமை மாலை. ஃபோனில் எடுத்தால் அப்பாவுக்கு மெசேஜ் போகும் என்று ஸ்டேஷனுக்கே போய் வரிசையில் நின்று எடுத்தேன். கடைத் துணி பெல்ட்டுக்குள் மெல்லிய பலகைத் துண்டு செருகியிருக்கிறேன். சிரிக்காதே. உன்னிடம் கற்றதுதான்.

இன்று மேடம் என்னை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அப்படியே கொஞ்சம் பின்னால் சாயச் சொன்னார், அவர் கை என் முதுகுக்குப் பின்னால். இத்தனை நாளில் முதல் முறை. இடது காலில் நின்றபோது இடது பக்கம் குத்தியது. பழைய இடம். முகத்தை ஒன்றும் இல்லாததுபோல வைத்துக்கொண்டேன்.

"வலிச்சுதா?"

"இல்ல மேடம்."

அவர் என்னை உட்காரவைத்தார்.

"ஏம்மா, வலிச்சா வலிக்குதுன்னு சொல்றதுக்கு உங்க ஊர்ல யாருக்குமே வாய் இல்லியா?"

உங்க ஊர்ல யாருக்குமே. அது ஆட்டோவில் கூடவே வந்தது. வீட்டுக்குள் வந்தது. நான் படுத்தபோது பக்கத்தில் படுத்தது.

எனக்கு வேறு வேலை இல்லை. உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். கோபம் இல்லாமல் படித்தது இதுதான் முதல் முறை. பஸ்ஸைத் தள்ள நீ இறங்கவில்லை. என் ஷர்மியா? ஊரில் எந்த வண்டி நின்றாலும் முதலில் கை வைக்கிறவள் நீ. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் யார்? கதவைத் தட்டியது வரை கேள்விப்பட முடியுமா?

அப்புறம் அந்தச் சாயங்காலம். நான் உங்கள் வாசலில் அழுதேன். நீ உள்ளே போனாய். செருப்பு மாட்டும் நேரம்தான். பெல்ட்டோடு வந்தாய். அப்படி ஒன்றைத் தைக்க எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தோல் ஊர்ப் பெண்தானே நானும். அது யாருக்காகத் தைத்து வைத்திருந்தது?

வலது பக்கம் இரண்டு தகடு.

நான் பேசும்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன். உனக்கு ஆசை போகவில்லை. வலி வந்தது. நீ சொல்லவில்லை, நான் பார்க்கவில்லை. நாலு வருடம் அதே தளம், அதே சிமெண்ட். என் முன்கால் இடது, உன் முன்கால் வலது. உன்னைத் தாங்கிக்கொண்டிருந்ததை அவிழ்த்து என் இடுப்பில் கட்டிவிட்டாய். வலியை நிறுத்துவது நல்லது என்றுதான் நினைத்தாய். உனக்கு நிறுத்தியதே. ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை பெல்ட் என்னிடம் இருந்தது. அத்தனை நாள் நீ அந்த லைனில் எப்படிச் சமாளித்தாய்?

டிசம்பரில் நான் எழுதியதைத் திருப்பி அனுப்பு. எரித்துவிடுகிறேன்.

இப்போது கேள். சுவர் பக்கத்தில் நில். பெல்ட்டைக் கழற்று. ஒற்றைக் காலில் நின்று கொஞ்சமே கொஞ்சம் பின்னால் சாய். முதலில் ஒரு கால், பிறகு மற்றது. வலித்தால் அங்கேயே நிறுத்து. எந்தப் பக்கம் வலித்தது என்று எழுது. எனக்கு இடது. உனக்கு எது என்று நினைக்கிறேனோ அதை எழுத மாட்டேன். தப்பாக இருக்கட்டும்.

மேடத்திடம் உனக்காகக் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை மதியம்வரை இருப்பார். நீ வந்தால் நான் ரயில் ஏற மாட்டேன். வராவிட்டால் ஏறுவேன், ஏறிப் போய் ஆறு ஓவரும் போடுவேன், எலும்பு எங்கே வேண்டுமானாலும் நழுவட்டும். மிரட்டல்தான். உன்னிடம் வேறு எதுவும் வேலை செய்யாது.

இஃபு


ஆம்பூர்
8 ஜனவரி 2026

இஃபு,

டிக்கெட்டைக் கிழித்து நாளைக் காலையில் இதே சாப்பாட்டுப் பையில் அனுப்பு. இரண்டு துண்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் சனிக்கிழமை பஸ் ஏறுவேன். உன் வாக்கை நம்ப முடியாது, கோட்டையில் பார்த்தோமே.

லீவு கேட்டேன். "இன்னா விஷயம்?" என்றார் நவீத். சொன்னேன். லைனில் எல்லாரும் கேட்கும்படியே சொன்னேன். "முதுகுதானே?" என்றார். ஆமாம் சார், முதுகுதான். அடுத்த லைனுக்குப் போய்விட்டார். நிரந்தரம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அமிர்தவள்ளி அக்கா மட்டும், "எனக்கும் ஒரு சீட்டு வாங்கி வைடீ அந்த மேடம்கிட்ட" என்றார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

பெல்ட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வரித் தையல். தைத்ததைவிடப் பிரிப்பது கஷ்டமாக இருக்கிறது.

பாத்ரூம் சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். இடது காலில் நின்றேன், ஒன்றுமில்லை. அதற்குள் உனக்குப் பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. பிறகு காலை மாற்றினேன்.

வலது.

ஷர்மி